‘கரும்பு லாரி’யைத் தேடித் திருத்தணிக்கு

திருத்தணிக்கு எல்லோரும் முருகனைப் பார்க்கப் போவார்கள். நான் ஒரு ராக் இசைக்குழுவைத் தேடிப் போனேன். 2006 செப்டம்பர், ஒரு புதன்கிழமை.

குழுவின் பெயர் ‘கரும்பு லாரி’. தொண்ணூறுகளின் நடுவில் இந்தப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் கிதாரும் டிரம்ஸுமாகச் சேர்ந்தார்கள். சினிமாப் பாட்டைத் தொடாமல், பவர்கட், செக்போஸ்ட், கடைசி பஸ் என்று தாங்களே எழுதிப் பாடினார்கள். வந்தது ஒரே கேசட். கல்லூரியில் அதைத் தேயத் தேயக் கேட்டிருக்கிறேன். ஏன் நின்றுபோனார்கள் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. இந்த வலைப்பதிவில் நாமே எழுதலாமென்று கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை மின்சார ரயில், டிக்கெட் பதினைந்து ரூபாய், இரண்டேகால் மணி நேரம். (அரக்கோணம் வரை உட்கார இடம் கிடைக்காது.) பாடகர் செல்வம் மலையடிவாரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். கேசட்டைக் காட்டியதும் சிரித்தார். டீ சொல்லிவிட்டுக் கதையை ஆரம்பித்தார்.

அவர்கள் பாட்டுகளில் ஒன்று தெலுங்கு. அதை எழுதிப் பாடியவர் டிரம்ஸ் வாசித்த முனிரத்தினம். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. மேடையில் அதற்குத்தான் கைதட்டல் அதிகம். கேசட் போட வந்த சென்னைக் கம்பெனி, தமிழ்க் கேசட்டில் தெலுங்கு வேண்டாம் என்றது. செல்வம் சரி என்றார். கேசட் வந்தது, முனிரத்தினம் போய்விட்டார். வேறு ஆளை வைத்துச் சில கச்சேரி செய்து பார்த்தார்கள். எடுபடவில்லை.

“அவரைப் பார்க்க முடியுமா?” என்றேன்.

“அம்மையார்குப்பத்துல தறி ஓட்டிகினு இருக்கான். எட்டு வருஷமா பேச்சு இல்லீங்க.” டீ கிளாஸைக் கீழே வைத்தவர், “நீங்க போறதுன்னா நானும் வரேன்” என்று ஷட்டரை இழுத்தார்.

ஆர்.கே.பேட்டைக்கு டவுன் பஸ், ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறிகள். எங்களைப் பார்த்ததும் முனிரத்தினம் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு ஸ்டூல் எடுத்துப் போட்டார். வந்த காரணத்தை நான் சொன்னேன். அவர் செல்வத்தைப் பார்த்தே பேசினார். (‘பாவா’ என்றால் தெலுங்கில் மச்சான்.)

“கம்பெனிக்காரன் வேணாம்னான், அது அவன் யாவாரம். அத நீ வந்து சொல்லியிருக்கலாம் இல்ல பாவா? கடையில காசு குடுத்து கேசட்டு வாங்கி, அட்டையப் பாத்துத்தான் தெரிஞ்சுகினேன்.”

செல்வம் தலைகுனிந்தார். “ஆங். வந்திருக்கணும். உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ற தைரியம் இல்ல.”

“எங்க நைனா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தாரு, எம் பையன் பாட்டு வருதுன்னு.”

நான்தான் அவசரப்பட்டு, அந்தப் பாட்டை ஒரு தரம் பாடுவீர்களா என்று கேட்டேன்.

“நான் எதுக்கு வெளிய வந்தேன்னு எழுதிக்கோங்க. பாட்டு வேணாங்க” என்றார்.

அவர் மனைவி கொண்டுவந்த மோரைக் குடித்துவிட்டு எழுந்தோம். வாசலில் முனிரத்தினம் செல்வத்தின் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஞாயித்துக்கெழம தறி ஓடாது. வா.” என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தனியா வா” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் செல்வம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கே.ஜி.கண்டிகை வரை தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் நடத்துநரிடம் சில்லறை கேட்பதுபோல் முன்னால் போய் நின்றுகொண்டேன். ஒரு குழுவின் வரலாற்றை எழுத வந்தவன், அதில் நான் இருக்கக் கூடாத பக்கமும் ஒன்று உண்டு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

போகிறவர்களுக்கு: ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் போகாதீர்கள், பஸ்ஸில் கால் வைக்க முடியாது. மதியச் சாப்பாட்டைத் திருத்தணியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அம்மையார்குப்பத்திலிருந்து திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே விசாரித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று மட்டும் பின்னூட்டத்தில் என்னைக் கேட்காதீர்கள். செல்வத்தின் நம்பர் என் போனில் இருக்கிறது. நான் கூப்பிடவில்லை.