வில்லரேயில் திறக்காத ஒரு கதவு

ஜூன் 23, மாலை 4.10

மொன்றியல் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு 747 என்ற எண் போட்ட பேருந்து போகிறது. தூரம் சுமார் இருபது கிலோமீட்டர், கட்டணம் பதினோரு டாலர். அதே சீட்டில் இருபத்துநான்கு மணி நேரம் மெட்ரோவிலும் போகலாம். சென்னையில் எட்டு மாதம் படித்த பிரெஞ்சில் ஓட்டுநரிடம் வழி கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். விடாமல் பிரெஞ்சிலேயே மறுபடி கேட்டேன். இந்த முறை சொல்லுக்குச் சொல் மூச்சு விட்டு, பிரெஞ்சிலேயே சொன்னார். பின்னால் காத்து நின்றவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை.

இரண்டு விமானங்களில் தூங்காமல் வந்த கண்ணுக்கு நகரம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் தெரிந்தது. மரங்களின் பச்சை லேசாக ஆடியது. வழியில் இறங்கி மெட்ரோவின் ஆரஞ்சுப் பாதைக்கு மாறினேன். அங்கிருந்து பதினான்காவது நிலையம் ஜாரி. மேலே ஏறி வெளியே வந்தால் வில்லரே என்ற பகுதி. மாலை ஆறு மணிக்கு வெயில் நம் ஊரின் மூன்று மணி வெயில் போல் நின்றது.

நான் மின்தூக்கிப் பொறியாளர். லிஃப்ட் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். ஆறு நாள் பயிற்சிக்காக வந்திருந்தேன். அலுவலக நண்பர் ஒருவர் மூலம் தங்க இடம் கிடைத்தது. சாப்பாட்டோடு நாளுக்கு நாற்பது டாலர். வீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து முப்பத்தேழு வருடங்களுக்கு முன் அகதிகளாக வந்த சிவநேசனும் அவர் மனைவி ஈஸ்வரியும். அவர் உணவகச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், இப்போதும் சமைக்கிறார். ஒரே மகள் டொராண்டோவில் இருக்கிறாள்.

"ஆன்ட்டியெண்டு கூப்பிடாதையும் பிள்ளை," என்றார் ஈஸ்வரி, நான் செருப்பைக் கழற்றும்போதே. "கோயில் கமிட்டிக்காரி மாதிரி இருக்கு. அக்கா போதும்."

இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் படிக்கட்டு வெளியே. தெருவிலிருந்து இரும்புப் படி வளைந்து மேல்வீட்டுக்குப் போகிறது. தொழில் புத்தி, எண்ணினேன். பதினேழு படிகள், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். அக்காவின் முன்னறை ஜன்னலை உரசிக்கொண்டு போகும் அந்தப் படியில் யாரோ சீட்டியடித்தபடி ஏறினார்கள். நான்கு சுரம்தான், திரும்பத் திரும்ப.

"மேல்வீட்டு ரெமி," என்றார் அக்கா. "முப்பது வருசமா உந்தச் சீட்டிதான். வேற பாட்டுத் தெரியாது போல."

ஜூன் 24, காலை

இன்று கியூபெக் மாகாணத்தின் தேசிய நாள். தெரு முழுக்க நீலமும் வெள்ளையுமாகக் கொடிகள். ஒன்றாம் தேதி கனடா நாள், அதற்குச் சிவப்புக் கொடி. ஒரே வாரத்தில் இரண்டு தேசம் கொண்டாடும் ஊரை நான் பார்த்ததில்லை. இரண்டையும் ஒரே வீட்டு மாடத்தில் பார்க்கவும் இல்லை.

ரெமியின் மாடத்தில் நீலக் கொடி இருந்தது. அவருக்கு எழுபது வயதிருக்கும், மெலிந்தவர். முழங்கால் இனி பதினேழு படிகளைத் தாங்காது என்பதால் ஒன்றாம் தேதி வீட்டைக் காலி செய்து நகரத்தின் தென்மேற்கில் உள்ள லாசாலுக்குப் போகிறார். அங்கே தரைத்தள வீடு கிடைத்திருக்கிறது.

நடந்தே சந்தைக்குப் போனேன், பதினைந்து நிமிடம். உள்ளூர் ஸ்ட்ராபெரி வந்துவிட்ட வாரம். சிறு கூடை ஆறு டாலர். மீண்டும் ஒரு பொதுவாக்கெடுப்பு வரலாம் என்ற பேச்சு நகரத்தில் ஓடுகிறது. கியூபெக் தனிநாடு ஆவதா வேண்டாமா என்று 1995 அக்டோபரில் கேட்டபோது, வேண்டாம் என்றவர்கள் மயிரிழையில் வென்றார்கள். பழம் விற்ற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவரிடம் கேட்டேன்.

"அப்போது நான் பிறக்கவே இல்லை," என்றார். "ஆனால் அம்மாவும் பெரியம்மாவும் அன்றைக்குப் பிறகு ஒரே மேஜையில் உட்கார்ந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் இரண்டு முறை சமைப்போம்." பிறகு கூடையில் இன்னும் நான்கு பழங்களை வைத்தார்.

ஜூன் 27, மாலை 6.30

அன்றைய பயிற்சி முடிந்து வந்தபோது சமையலறை மேஜையில் கருநீலத் தோள்பை திறந்து கிடந்தது. உள்மூடியில் பசைநாடா போட்டு ஒட்டிய தாள். எட்டு வரிகள், வெவ்வேறு மைகளில். கடவுச்சீட்டு, குடியுரிமைச் சான்று, வங்கிப் புத்தகம், தாலிக்கொடி, டார்ச், தண்ணீர் இரண்டு போத்தல், கம்பளி. எட்டாவதில் பால்மா என்று இருந்ததை அடித்து, பிரஷர் குளிசை, அதாவது ரத்த அழுத்த மாத்திரை, என்று எழுதியிருந்தது.

"ரேடியோவில திரும்ப வாக்கெடுப்பு எண்டு கதைக்கத் தொடங்கிட்டினம்," என்றார் சிவநேசன் அண்ணா. "உடன இவ பையை எடுத்திட்டா."

"நான் எடுத்தா என்ன? தைச்சது நீங்கள்தானே."

நான் அந்தத் தாளை ரசித்தேன். இவ்வளவு சுருக்கமான பட்டியலை எங்கள் அலுவலகத்தில் யாரும் எழுதுவதில்லை. ஒரே குறை, சொல்லவில்லை: அவசர வெளியேற்றத் திட்டத்தின் கடைசி வரியில் எல்லோரும் வந்து கூட வேண்டிய இடத்தை எழுதுவோம். அந்த வரி இதில் இல்லை.

முதன்முதலாக இதை எப்போது கட்டினீர்கள் என்று கேட்டேன். அக்கா பால்தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்.

1995 முடிவு வந்த இரவு. குழந்தைக்கு எட்டு மாதம். அண்ணா எழுபத்தேழில் இலங்கையில் தேர்தல் முடிந்த கையோடு தமிழர் வீடுகள் எரிந்ததைப் பார்த்தவர். அக்கா எண்பத்துமூன்று கலவரத்தின்போது கொழும்பில் இருந்தவர். இங்கே தொலைக்காட்சியில் முடிவைச் சொன்னார்கள். தனிநாடு கேட்டுத் தோற்ற மாகாண முதலமைச்சர் மேடையேறி, தங்களைத் தோற்கடித்தது பணமும் இனக்குழுக்களின் வாக்கும் என்ற பொருளில் பேசினார். அண்ணாவுக்கு அன்று பிரெஞ்சு சரியாக வராது. ஆனால் இனக்குழு என்ற அந்தச் சொல் மட்டும் விளங்கியது.

"உடன லைற்றை அணைச்சம்," என்றார் அக்கா. "பையைக் கட்டினம். கதவுக்குப் பின்னால கட்டிலை இழுத்து வச்சிட்டு நிலத்தில இருந்தம். அப்பதான் மேல இருந்து ஒருத்தர் இறங்கி வந்து கதவைத் தட்டினவர். ரெமி. பேர் சொல்லிச் சொல்லித் தட்டினவர். நான் பிள்ளையின்ர வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன்."

"நீங்க திறக்கலையா?"

"திறக்கேல்ல. கன நேரம் நிண்டிட்டுப் போயிட்டார். விடிஞ்சு பாத்தா ஊர் ஊராத்தான் இருந்தது. பால்காரன், பள்ளிக்கூட பஸ், எல்லாம். எங்களுக்கு வெக்கமாப் போச்சு. அண்டைக்கே சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் பொன்ஜூர் எண்டு ஒரு வணக்கம், அதுக்கடுத்த நாளும் பொன்ஜூர். முப்பது வருசம் பொன்ஜூரிலயே போயிட்டுது."

ரெமி போவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். அண்ணாவுக்கு இல்லை.

"இனிப் போய் என்னத்தைக் கதைக்கிறது? அந்தாள் மறந்திருக்கும்."

"மறந்திருந்தா ஏன் முப்பது வருசமா எங்கட வாசல் மிதிக்கேல்ல?"

அண்ணா வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டார். அது ஏற்கனவே நனைந்திருந்தது.

ஜூன் 30

வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூலை முதல் தேதியில் மாறுவதால், இந்த ஊரில் பாதிப்பேர் ஒரே நாளில் வீடு மாறுகிறார்கள். அதற்கு முந்தைய இரண்டு நாட்களும் தெருவில் நடப்பது கனவில் நடப்பது மாதிரி. மேப்பிள் மரத்தடியில் சோபா, விளக்குக் கம்பத்தின் கீழ் கண்ணாடி பதித்த மேஜை. அந்தக் கண்ணாடிக்குள் மேகம் போய்க்கொண்டிருந்தது. வீடுகள் தங்களைத் தாங்களே வெளியே எடுத்து வெயிலில் வைத்தது போலிருந்தது. இரவு எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் மறைந்தது. அதுவரை யாரோ கொண்டுபோகாமல் விட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மேலே பெட்டிகள் இழுபட்டன. ரெமி நான்கைந்து முறை ஏறி இறங்கினார். ஒவ்வொரு முறையும் சீட்டி.

ஜூலை 1, காலை 8.20

ரெமியின் மருமகன் வாடகை லாரியோடு வந்தான், நண்பன் ஒருவனோடு. குளிர்பெட்டியை அந்த வளைந்த படியில் இறக்குவதற்கு அவர்கள் போட்ட கட்டு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பட்டைகளைக் குறுக்காகப் போட்டு, மேலே நான், கீழே அவர்கள் இருவர் என்று நின்றோம். லிஃப்ட் பெண் இருக்கும்போது லிஃப்ட் இல்லையே என்று மருமகன் சிரித்தான். பதினேழு படிகளுக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆனது.

11.40க்கு லாரி நிறைந்தது. ரெமி கடைசிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். அக்கா தட்டில் சுருட்டிப் பொரித்த ரோல்ஸும் தேநீருமாக வெளியே வந்தார். அண்ணா வாசல் நிலையில் சாய்ந்து நின்றார், வெளியேயும் இல்லை, உள்ளேயும் இல்லை.

அக்காவின் பிரெஞ்சு காப்பகத்தில் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் பேசிப் பழகியது. வேறு பிரெஞ்சு அவருக்கு வராது. அந்தப் பிரெஞ்சில்தான் எழுபது வயதுக்காரரிடம் ஆரம்பித்தார்.

"ரெமி, சாப்பிடு. சூடு, மெதுவாக." பிறகு, தட்டைக் கீழே வைக்காமலே: "பழைய கதை. பெரிய வாக்கு நாள். இரவு. நீ வந்தாய், டொக் டொக். நாங்கள் உள்ளே. விளக்கு இல்லை. பாப்பாவின் வாயில் என் கை. உன்மேல் கோபம் இல்லை. பயம். எங்கள் ஊரில் வாக்கு முடிந்தால் நெருப்பு."

ரெமி ரோல்ஸைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"தெரியும்," என்றார். "பாப்பா இருமினாள்."

அண்ணா நிலையை விட்டு வெளியே வந்தார். அவர் பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு, ஆனால் முழு வாக்கியம் வரும். "அன்றைக்கு ஏன் வந்தீர்கள்?"

"அந்தப் பேச்சைக் கேட்டு வெட்கமாக இருந்தது. நாங்கள் எல்லோரும் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வந்தேன். அது பாதிதான்." ரெமி லாரியைப் பார்த்தபடி சொன்னார். "மற்றப் பாதி, தனியாக இருக்க முடியவில்லை. என் மனைவி வேண்டாம் என்று வாக்குப் போட்டவள். தன் தங்கை வீட்டுக்குப் போய்க் கொண்டாடிக்கொண்டிருந்தாள். நாடு கிடைக்காமல் போனவர்கள் இந்தக் கட்டடத்தில் நானும் நீங்களும்தான் என்று தோன்றியது. கையில் இரண்டு பியர் கொண்டுவந்தேன்."

"நான் அப்ப குடிக்கிறேல்ல," என்றார் அண்ணா தமிழில், என்னைப் பார்த்து.

"கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் மூச்சை அடக்குவது கேட்டது. எனக்குப் பயந்து குழந்தையின் வாயைப் பொத்துகிறார்கள் என்று புரிந்தது. அப்படிப்பட்ட ஆள் நான் என்று எனக்கு அதுவரை தெரியாது. மறுநாளிலிருந்து சீட்டியடிக்கத் தொடங்கினேன். வருவது நான்தான், வேறு யாருமில்லை என்று உங்களுக்குத் தெரியட்டும் என்று."

இவ்வளவு நீளமான பிரெஞ்சு அக்காவுக்கு எட்டவில்லை. அண்ணாவின் முகத்தைப் பார்த்தார்.

"உந்தச் சீட்டி எங்களுக்காகத்தானாம்," என்றார் அண்ணா.

அக்கா தட்டைப் படியில் வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கு அது பெரிய எரிச்சலா இருந்ததெண்டு சொல்லிப்போடாதேங்கோ," என்றார்.

அண்ணா உடனே அதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டார். ரெமி சிரித்ததில் தேநீர் சட்டையில் சிந்தியது. அக்கா முந்தானையால் துடைத்துவிட்டு, குழந்தைகளிடம் சொல்வதுபோலவே, "பரவாயில்லை, பரவாயில்லை," என்றார். யார் என்ன வாக்குப் போட்டார்கள் என்று ரெமி கேட்கவில்லை. அண்ணாவும் சொல்லவில்லை.

நண்பகலுக்குச் சற்று முன் ரெமி கடைசியாக ஒருமுறை மேலே போய் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தார். அக்காவின் வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது. நாங்கள் மூவரும் உள்ளே முன்னறையில் இருந்தோம். இரும்புப் படியில் காலடிச் சத்தம் இறங்கியது, ஒரு கால் கனமாக, ஒரு கால் லேசாக, பதினேழு முறை. சீட்டி இல்லை.

ஜூலை 2, காலை 10.00

கிளம்பும்போது அக்கா கருநீலப் பையைத் திறந்து, தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். கூடவே ரெமி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு. லாசால் முகவரி, தொலைபேசி எண், பச்சைப் பாதையில் கடைசி நிலையம் இறங்கிப் பிடிக்க வேண்டிய பேருந்து.

"உம்மட எழுத்து வடிவா இருக்கு. ஒன்பதாவதா எழுதிவிடும்."

"இது எதுக்கு இந்தப் பையில, அக்கா?"

"ஓட வேண்டி வந்தா போறதுக்கு ஒரு இடமும் வேணுமெல்லே," என்றார் அண்ணா, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டே.

எழுதினேன். பெரிய எழுத்தில், டார்ச் வெளிச்சத்திலும் படிக்கும்படி.

747இல் ஜன்னலோர இடம் கிடைத்தது. தெருக்களில் யாரும் எடுக்காத நாற்காலிகள் இன்னும் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. மேடவாக்கத்தில் நான் இருப்பது எட்டாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்டின் ஒவ்வொரு கம்பியும் எனக்குத் தெரியும். எதிர்வீட்டில் இருப்பவர் பெயர் தெரியாது, ஆறு வருடமாக. தேர்தல் முடிவு வரும் நாட்களில் அந்தக் கதவுக்குப் பின்னாலும் தொலைக்காட்சி சத்தமாக ஓடும். யார் ஜெயித்ததற்குச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள் என்று ஊகித்ததுண்டு. தட்டியதில்லை.

ஊரில் இறங்கியதும் செய்ய வேண்டியவை என்று கைபேசியில் ஒரு பட்டியல் தொடங்கினேன். முதல் வரியில் அந்தக் கதவின் எண்ணை எழுதினேன்: 8சி.