மாடு அவிழ்த்த வண்டி

பூமயில் அத்தை என் அப்பாவின் அக்கா. முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டில், அடுத்தவர் மிளகாய்த் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் கூலிக்குப் போனவள். கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. பத்தாவது வருடம் சோலையம்மாள் பிறந்தாள். அந்தப் பிள்ளையோடு அத்தை சந்தோஷமாக வெளியே கிளம்பியது ஒரே ஒரு நாள்தான், 1987 ஆடி அமாவாசை அன்று. ஆறு வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்த நான், ராமேஸ்வரம் போய் வரலாமா என்று அவளைக் கூப்பிட்டேன். "கடலுக்கு நான் வாரதில்ல" என்றாள். ஏன் என்று கேட்டேன். மிளகாய் வத்தலைக் கிளறிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தவள் முடிக்க மூன்று நாள் ஆனது.

அன்றைக்கு அத்தையின் புருஷன் முனியசாமி மாமா, செத்துப்போன தன் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வாலிநோக்கம் கடலுக்குப் புறப்பட்டார். கூட அவருடைய அக்கா ராக்கு. புருஷனை இழந்து, நாலு வீடு தள்ளித் தனியாக இருந்தவள். பிள்ளைக்கு எட்டு மாதம். அதையும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று சொன்னது அத்தைதான்.

பஸ்ஸில் பிள்ளையின் தலையில் கம்பளிக் குல்லாவைப் பார்த்துவிட்டு ராக்கு கேட்டாள்: "ஏத்தா, நாம போறது வாலிநோக்கமா, கொடைக்கானலா?"

"கடக்காத்து மதினி. சளி புடிச்சுக்கிரும்."

"ஒன்பது வருசம் தவங்கெடந்தவ. நீ புள்ள தலையில சட்டியக் கவுத்தாலும் நாங்க கேக்க முடியாது."

மாமா சிரித்தார். அவர் சிரித்து அத்தை பார்த்த நாட்கள் குறைவு. அதனால் அதையும் ஞாபகம் வைத்திருந்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி உப்பளத்து வரப்பு வழியாக நடந்தார்கள். கண் கூசும் வெள்ளை. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், குவியல் குவியலாக உப்பு. ஒரு மரம் கிடையாது. மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை தூங்கிவிட்டது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் பிள்ளையோடு வேலைக்குப் போனால் முதலில் தேடுவது நிழலை. மரம் இருந்தால் கிளையில் தூளி கட்டுவார்கள். மரம் இல்லாத காட்டில் மாட்டுவண்டிக்கு அடியில் கட்டுவார்கள். மாட்டை அவிழ்த்து மேயவிட்டாயிற்று என்றால், திரும்பப் பூட்டுகிறவரை வண்டி நகராது. பிள்ளை சாயங்காலம் வரை தூங்கும். அத்தையும் அப்படித் தூங்கி வளர்ந்தவள்தான்.

வரப்பு முடிகிற இடத்தில் ஒரு லாரி நின்றது. உப்பு ஏற்ற வந்த காலி லாரி. பின்கதவு ஏற்றிப் பூட்டியிருந்தது. மேலே முன்பாதியில் தார்ப்பாய் விரித்திருந்ததால் உள்ளே நல்ல நிழல். ராக்கு டிரைவர் பக்கக் கதவைத் தட்டிப் பார்த்தாள். பதில் இல்லை.

"ஆளக் காணோம். சாப்புடப் போயிருப்பான்."

அந்த ஆள் சீட்டில் நீளமாகப் படுத்து, முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். கீழே நின்ற ராக்குவின் கண்ணுக்கு அவன் தெரியவில்லை. அத்தை டயரில் கால் வைத்து ஏறினாள். இரண்டு பக்கப் பலகையையும் இழுத்துப் பிடிக்கிற சங்கிலி குறுக்கே கிடந்தது. அதில் தன் பழைய சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டு ஆட்டிப் பார்த்தாள். காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. மாமா ஏற்கனவே கடலோரமாக வெகுதூரம் தள்ளி, தர்ப்பணம் கொடுக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். ராக்கு பிள்ளைக்குக் காவலாக லாரி ஓரம் நின்றாள்.

அத்தை போய்க் கடலில் கால் வைத்தாள். முதல் அலை முழங்காலில் அடித்ததும் கத்திவிட்டாள். அந்தக் கத்தலுக்கு ராக்கு சிரித்தாள். அத்தை திரும்பிக் கையை ஆட்டினாள்.

"நீங்களும் வாங்க மதினி. ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போயிருவோம். தூங்குற புள்ளதான."

இருவரும் கையைக் கோத்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டார்கள். ராக்குவின் வாயில் உப்புத் தண்ணீர் போய், அவள் கடலைக் கெட்ட வார்த்தையில் திட்ட, அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அலைச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை.

திரும்பிப் பார்த்தபோது லாரி நின்ற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அத்தைக்கு உடனே புரியவில்லை. வேறு பக்கம் பார்க்கிறோம் என்று நினைத்தாள். அவர்கள் வைத்துவிட்டு வந்த தூக்குவாளியும் துணி மூட்டையும் அப்படியே இருந்தன. மூட்டையை ஒட்டி ஈர மண்ணில் டயர்த் தடம். ராக்கு மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு அலறினாள். அத்தை அலறவில்லை. ஓடினாள். ஈரச் சேலை காலைத் தடுக்க, சுருட்டித் தொடைக்கு மேல் சொருகிக்கொண்டு ஓடினாள்.

உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் கூடினார்கள். லோடு இன்றைக்குக் கிடையாது என்று யாரோ வந்து டிரைவரை எழுப்பினார்களாம், அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

"நம்பரு என்னத்தா?"

"தெரியாது."

"லாரி மேல என்ன எழுதியிருந்துச்சு?"

"எனக்கு எழுத்துத் தெரியாதுண்ணே. பின்னாடி பிஞ்ச செருப்பு ஒண்ணு தொங்குச்சு."

"எல்லா லாரிலயும் அதான தொங்குது" என்றார் ஒருவர். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வழியாக டிவிஎஸ் ஃபிஃப்டியில் மீன் பெட்டியோடு ஒருவர் வந்தார். சதக்கத்துல்லா, உள்ளூர் மீன் வியாபாரி. விஷயத்தைக் கேட்டதும் கயிற்றை அறுத்து, ஐஸோடு பெட்டியை ரோட்டோரம் தள்ளிவிட்டார். "யாராச்சும் ஒருத்தர் ஏறுங்க. வண்டி மூணு பேரத் தாங்காது."

மாமா அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். விரலில் தர்ப்பை. அத்தை ஏறப் போனாள். ராக்கு அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"எவன்னு தெரியாத ஆம்பள பின்னாலயா? தம்பி போகட்டும்டி."

"அவருக்குத் தூளி எதுன்னு தெரியாது மதினி. சேல எனக்குத்தேன் தெரியும்."

ஏறிவிட்டாள். வாழ்க்கையில் அவள் அப்படி ஒரு வண்டியில் ஏறியது அன்றுதான்.

பெரிய ரோடு சேருகிற விலக்கில் டீக்கடையில் நிறுத்திக் கேட்டார்கள். காலி லாரி இரண்டு போனது என்றார்கள். ஒன்று சாயல்குடிப் பக்கம், ஒன்று கீழக்கரைப் பக்கம். சதக்கத்துல்லா யோசித்தார். இங்கே லோடு இல்லையென்றால் டிரைவர் அடுத்த உப்பளத்துக்குத்தான் போவான், அது சாயல்குடிப் பக்கம்தான் என்று திருப்பினார்.

அந்தச் சின்ன வண்டி லாரியைப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவும், ரயில்வே கேட் மாதிரி ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே நின்றதால்தான் பிடித்தார்கள். காலி லாரி. பாதித் தார்ப்பாய். பின்னால் பிய்ந்த செருப்பு. வண்டி நிற்பதற்குள் அத்தை குதித்து, டயரில் ஏறி, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

சங்கிலி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே குதித்துத் தார்ப்பாயைப் புரட்டினாள். கயிற்றுச் சுருளைப் புரட்டினாள். பலகை இடுக்கில் கையை விட்டுத் தேடினாள். டிரைவர் கீழிருந்து கத்தினான்: "ஏம்மா, நான் கீழக்கரைல இருந்து வாரேன். வாலிநோக்கத்துக்குள்ள போகவே இல்ல. ஏய் பாய், யாருய்யா இது?"

அத்தை காதில் எதுவும் ஏறவில்லை. எல்லா லாரியும் அவளுக்கு ஒரே லாரிதான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்று: கட்டு அவிழ்ந்துவிட்டது. பிள்ளை வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

"திருப்புங்கண்ணே. ரோட்டப் பாத்துக்கிட்டே போவோம். மெதுவாப் போங்க."

"தாயி, இது அந்த லாரி இல்ல."

"மெதுவாப் போங்கண்ணே."

வந்த பத்து மைலும் அவள் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தாள். கிழிந்த சாக்கு கிடந்தது. இறங்கிப் பார்த்தாள். அடிபட்ட நாய் கிடந்தது. தூரத்தில் அதைப் பார்த்ததும் வண்டியிலிருந்து விழுந்து, முழங்கை சிராய்க்க, எழுந்து ஓடினாள். ஓர் இடத்தில் பனையோலை நிழலில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. யாரோ உலர்த்திய துணி. ஒவ்வொரு தடவையும் போய், பார்த்து, திரும்பி வந்து ஏறினாள். சதக்கத்துல்லா ஒவ்வொரு தடவையும் நிறுத்தினார். பால் கட்டி மார் வலித்தது. அந்த வலி இருக்கிறவரை பிள்ளை இருக்கும் என்று நினைத்துக்கொண்டாளாம். ஏன் அப்படி நினைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

விலக்குக்குத் திரும்பியதும் டீக்கடைக்காரர் ரோட்டுக்கே ஓடி வந்தார். கீழக்கரைப் பக்கம் அடுத்த ஊர்க் கடைத்தெருவில் பிள்ளை பிடிக்கிறவன் ஒருவன் சிக்கியிருக்கிறானாம், லாரிக்காரனாம்.

கடைத்தெருவில் கூட்டம். நடுவில் கரண்டு கம்பத்தில் ஓர் ஆளைத் தார்ப்பாய்க் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். பரமக்குடி மருதுபாண்டி, லாரி டிரைவர். டீ குடிக்க நிறுத்தியிருக்கிறான். காலி லாரிக்குள் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டுக் கூட்டம் கூடியிருக்கிறது. எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று அவன் சொன்னதை யார் நம்புவார்கள்? பலசரக்குக் கடை மெஹருன்னிசாவின் தோளில் சோலையம்மாள் நீலம் பாரித்துக் கத்திக்கொண்டிருந்தாள். தலையில் குல்லா இருந்தது.

அத்தை கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். கூட்டம் மறித்தது.

"நில்லு. நீ யாரு?"

"பெத்தவ."

"இந்த பாய் யாரு? ஒம் புருசனா?"

"இல்ல."

"புருசன் எங்க?"

"பின்னால வாராரு."

"உப்புப் பூத்த சேலையோட ஒருத்தி, கூட யாரோ ஒருத்தன், புருசன் பின்னால வாரானாம். கத நல்லாருக்கே!"

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எல்லோரையும் அடக்கிவிட்டு அன்பாகவே கேட்டார்: "பயப்படாதத்தா. இந்தக் களவாணிப்பய ஒம் புள்ளையத் தூக்கிட்டு ஓடியாந்தான். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு. புள்ளைய வாங்கிட்டு நீ போ. இவன நாங்க பாத்துக்கிறோம்."

மருதுபாண்டி அவளைப் பார்த்தான்.

ஆமாம் என்றால் பிள்ளை கைக்கு வந்துவிடும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. "ஆமான்னு சொல்லத்தேன் வாயத் தெறந்தேன்" என்று என்னிடம் சொன்னாள். "அவன் காலப் பாத்தேன். ஒத்தக் கால்ல செருப்பில்ல. அடிச்ச அடியில எங்கயோ போச்சு. வார்த்த மாறிப்போச்சு."

"அவரு தூக்கல. நாந்தேன் கட்டுனேன்."

"எதக் கட்டுன?"

"தூளிய. லாரிக்குள்ள. நெழலுக்கு."

யாரோ சிரித்தார்கள். "லாரில புள்ளையக் கட்டுனாளாம்! பெத்தவ செய்யுற வேலையா இது?" என்றாள் ஒருத்தி. "ரெண்டு பேரும் கூட்டு. போலீஸ் வரட்டும். அதுவரைக்கும் புள்ளையக் குடுக்காதீக" என்றது இன்னொரு குரல். அத்தை மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளையோ மெஹருன்னிசாவின் தோளிலிருந்து பாதி உடம்பைக் கீழே தொங்கவிட்டு, அத்தை இருந்த பக்கமாகவே இரண்டு கையையும் நீட்டிக் கத்தியது. மெஹருன்னிசா இரண்டு தடவை இழுத்துப் பிடித்தாள். மூன்றாம் தடவை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"அல்லாவே! இத்தன ஆம்பளைக இருக்கீக, ஒருத்தருக்காச்சும் கண்ணு தெரியுதா? அந்தப் புள்ளைட்ட கேளுங்க பெத்தவ யாருன்னு." பிள்ளையை அத்தையின் மடியில் போட்டு, தன் முக்காட்டை விரித்து இருவரையும் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அழுகை நின்றது. பிறகு வெள்ளைச் சட்டைக்காரரே போய்க் கயிற்றை அவிழ்த்தார். மருதுபாண்டி வாயைத் துடைத்துக்கொண்டு அத்தை பக்கத்தில் வந்து குந்தினான்.

"ஏத்தா, தூளி கட்ட ஒனக்கு என் வண்டிதானா கெடச்சுச்சு?"

அத்தை அவன் காலைத் தொடக் குனிந்தாள். அவன் பின்வாங்கிப் போய் லாரியில் ஏறிக்கொண்டான். சதக்கத்துல்லா, "அங்கன மீன் பெட்டிய விட்டுட்டு வந்தேன். பூனைகளுக்கு இன்னைக்குப் பெருநாளு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மாமாவும் ராக்குவும் உப்பு வண்டி ஒன்றில் ஏறி, விலக்கு டீக்கடையில் விசாரித்து வந்து சேர்ந்தபோது நாலு மணி. நடந்ததைக் கடைத்தெருவே அவர்களுக்குச் சொன்னது. திரும்பும் பஸ்ஸில் ராக்கு, அத்தையின் காதோடு சொன்னாள்: "அவன் தூக்கிட்டுப் போனான்னே சொல்லியிருக்கலாம்டி. இப்ப ஊரு ஒன்னத்தேன் பேசும்."

ஊர் பேசியது. லாரிக்குள் பிள்ளையைக் கட்டிவிட்டுக் கடலில் ஆட்டம் போட்டவள் என்று பேசியது. காவலுக்கு நின்றவள் ராக்கு என்பதை அத்தை யாரிடமும் சொல்லவில்லை. கடலில் முழுக வரச்சொல்லிக் கூப்பிட்டது தான்தானே என்றாள் என்னிடம். ராக்குவும் சொல்லவில்லை. மாமாவின் வீட்டு ஆட்கள் கூடிப் பேசி, இனி வேலைக்காட்டுக்குப் பிள்ளையை அவள் கொண்டுபோகக் கூடாது, பகலில் ராக்குவிடம் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். மாமா தலையாட்டினார்.

அந்த வருட நடவு முழுக்க அத்தை மதியக் கஞ்சிக்கு உட்கார்ந்ததில்லை. மற்றவர்கள் தூளி கட்டிய மரத்தடிக்குப் போகும் நேரத்தில், சேற்றுக் காலோடு இரண்டு மைல் ஊருக்கு நடப்பாள். ராக்குவின் கதவு சாத்தியிருக்கும். வாசலில் காலைக் கழுவி, முந்தானையால் மாரைத் துடைத்துக்கொண்டு, உள்ளே பிள்ளை சிணுங்குகிற சத்தத்தைக் கேட்டபடி நின்று குரல் கொடுப்பாள்:

"பால் குடுக்க வந்திருக்கேன் மதினி. செத்தக் கதவத் தொறங்க."