தண்ணீர் இல்லாத அகழி

புத்தக வெளியீட்டில் முதற்பிரதி வாங்குகிறவன் அந்தப் புத்தகத்தை வாசித்திருக்கமாட்டான். அதுதான் எங்கள் வழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மேடையில் ஏறவேண்டும், பளபளக்கும் தாளில் சுற்றி நாடா கட்டிய புத்தகத்தை வாங்கிக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் எத்தனையோ பேர் இப்படிச் சிரித்ததைக் கடைசி வரிசையில் இருந்து பார்த்து நக்கலடித்தவன் நான். போன ஐப்பசியில் என் முறை வந்தது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எழுதியவன் என் நண்பன். ஸ்காபரோவிலேயே அவன் மில்லிக்கன் பகுதியில், நான் மல்வேர்ன் பகுதியில். கனடாவுக்கு வருமுன் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில், ஒரே அறையில் மூன்று வருடம் ஒன்றாக இருந்தோம். ஒரே பெற்றோல் நிலையத்தில் வேலை. அந்த ஊரின் பழைய கோட்டையைப் பற்றித்தான் புத்தகம்.

கோட்டை என்றதும் கொத்தளமும் கொடியும் மனதில் வரும். எங்கள் கோட்டையில் அப்படி ஒன்றும் மிஞ்சவில்லை. நோர்மன்காரர் வந்து ஊரைப் பிடித்த காலத்தில், பிடிபட்ட ஊர்ச்சனத்தையே மண் சுமக்க வைத்து ஒரு மேடு எழுப்பினார்களாம். அதன்மேல் முதலில் மரக் கோபுரம். பிறகு வந்தவர்கள் அதைக் கல்லால் கட்டினார்கள், சுற்றுமதில் போட்டார்கள், அகழி வெட்டினார்கள், கீழே ஓடிய ஆற்றிலிருந்து வாய்க்கால் இழுத்து அகழியை நிரப்பினார்கள். ஒரு முறை அரசனே வந்து மாதக்கணக்கில் முற்றுகையிட்டான். கவண் பொறியால் கல் எறிந்தும், மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டியும் பிடிக்க முடியவில்லை. கடைசியில் உள்ளே இருந்தவர்கள் பசி தாங்காமல் தாங்களே கதவைத் திறந்தார்கள்.

பல நூற்றாண்டு கழித்து அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் வந்தபோது, வென்ற பக்கம் வெடிமருந்து வைத்து அதைத் தகர்த்தது. மீண்டும் யாரும் உள்ளே இருந்து சண்டை பிடிக்கக்கூடாதாம். மிச்சத்தை ஊரவர்கள் வண்டி கட்டி ஏற்றிப்போய் வீட்டு மதிலும் பன்றிக் கொட்டிலும் கட்டிக்கொண்டார்கள். வாய்க்கால் தூர்ந்து அகழி வற்றியது. நாங்கள் போன காலத்தில் அது புல்லு முளைத்த பள்ளம். நாய்களை அங்கேதான் ஓடவிடுவார்கள்.

நின்றதெல்லாம் வாயில் கோபுரத்தில் பாதி, உட்கோபுரத்தின் ஒரு மூலை, இருபது படி ஏறி வானத்தில் முடிகிற ஒரு சுழல்படிக்கட்டு. தளம் இடிந்துபோன ஒரு சுவரில் உயரத்தில் ஓர் அடுப்புக்கூடு மட்டும் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நண்பன் கேட்பான்: "மச்சான், உதிலை ஆர் ஏணி வைச்சு ஏறிக் குளிர் காய்ஞ்சவங்கள்?"

இந்த வரலாறு முழுவதையும் நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். தேவாலயத்து வாசலில் வாங்கிய ஒரு சின்னக் கைநூலை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழாக்கினேன். ஞாயிற்றுக்கிழமை செய்ய வேறு வேலை இல்லை. அந்தக் கொப்பியை நண்பன் கேட்டபோது சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். அவன் புத்தகத்தின் முதல் அத்தியாயங்கள் வரிக்கு வரி என்னுடையவை. முன்னுரையில் 'ஒரு நண்பருக்கு நன்றி' என்று இருந்தது. அது எனக்குப் போதும். வயிற்றெரிச்சல் அதில் இல்லை.

எரிச்சல் கடைசி அத்தியாயத்தில்.

இங்கிலாந்தில் இருந்தபோதுதான் ஊரில் என் தம்பி போரில் செத்துப்போன செய்தி வந்தது. உடல் கிடைக்கவில்லை. அப்பா முன்பே போய்விட்டார். அம்மாவும் தங்கச்சியும் இடம்பெயர்ந்து ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடலுக்குப் போய், பிண்டம் வைத்துக் கரைத்து அந்தியேட்டிக் கிரியை செய்ய ஒருவரும் இல்லை. நான்தான் செய்யவேண்டும். அந்த ஊரில் கோயில் கிடையாது, ஐயர் கிடையாது. கல்லால் கட்டிய, ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் இடம் என்றால் கோட்டைதான்.

எள்ளு எங்கே விற்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. பேக்கரியில் எள்ளுப் போட்ட பணிஸ் நான்கு வாங்கி, நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒரு பிடி சேர்த்தேன். சோறு குழையக் காய்ச்சிப் பிண்டம் பிடித்தேன். தம்பிக்குப் பிடிக்கும் என்று இஞ்சி பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டேன். விடியற்காலை மழையில் வாயில் வளைவுக்குக் கீழே எல்லாவற்றையும் வைத்து, தெரிந்த தேவாரத்தைப் பாடினேன். பிறகு கோட்டைக்குப் பின்னால் இறங்கி ஆற்றில் கரைத்தேன். சேற்றில் சறுக்கினேன். நண்பன் ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் சட்டைக் கொலரைப் பிடித்திருந்தான். "நான் நிக்கிறன் மச்சான், நீ செய்," என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை வருடமும் அவனுடைய எல்லாக் குறும்பையும் பொறுத்தேன்.

தம்பி தங்கச்சிக்குச் சின்னண்ணா. "சின்னண்ணாவுக்குச் செய்துவிட்டேன்" என்று அவளுக்கு ஒரே வரியில் கடிதம் போட்டேன். அவளும் இப்போது இங்கே கனடாவில், பிறம்ரனில் இருக்கிறாள். அதற்குமேல் அவள் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

வெளியீட்டில் நான் முதற்பிரதியோடு இறங்கி வந்து உட்கார்ந்த பிறகு, ஆய்வுரை சொல்ல வந்தவர் கடைசி அத்தியாயத்தை எடுத்து வாசித்தார். அதன்படி, அந்தக் காலையில் நண்பன் மட்டும்தான் கோட்டைக்குப் போனான். நான் போகவில்லை. குடித்துவிட்டு அறையில் போர்வைக்குள் கிடந்தேன். ஒரு தாய் பெற்ற பிள்ளைக்கு யாராவது செய்யவேண்டுமே என்று அவனே எள்ளுச் சுரண்டினான், அவனே பிண்டம் பிடித்தான், அவனே சேற்றில் சறுக்கினான், கடைசியில் அகழித் தண்ணீரில் கரைத்தான். மண்டபத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். மூன்றாம் வரிசையில் என் தங்கச்சி துடைக்கவில்லை. குனிந்தபடியே இருந்தாள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லாமல் போய்விட்டாள்.

ரோல்சும் தேத்தண்ணியும் வைத்திருந்த மேசையடியில் அவனைப் பிடித்தேன்.

"என்னடா உது?"

"மச்சான், எழுதேக்கை கொஞ்சம் மாத்தத்தான் வேணும். ரெண்டு பேர் நிண்டால் கதை உருக்கமா வராது. உன்ரை பேரை நான் போடேல்லையே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"என்ரை தங்கச்சிக்குத் தெரியும்."

அவன் ஒரு ரோல்சை எடுத்து என் கையில் வைத்தான். "சாப்பிடு, ஆறப்போகுது," என்றான். பின்னால் யாரோ கையெழுத்துக் கேட்டார்கள். அவன் திரும்பிவிட்டான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு அந்த ரோல்சோடு நின்றேன். அடிக்கவேண்டும்போல இருந்தது. அடிக்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் தங்கச்சி எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"அண்ணா, நீங்கள் போகேல்லையோ?"

"போனனான். நான்தான் செய்தனான். அவன் குடை பிடிச்சவன்."

"என்ன வைச்சனீங்கள்?"

"சோறு. இஞ்சி பிஸ்கட். பணிசிலை இருந்து எள்ளுச் சுரண்டினனான்."

"உதெல்லாம் புத்தகத்திலை கிடக்குது." பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "எங்கை கரைச்சனீங்கள்?"

"ஆத்திலை."

"அகழியிலை எண்டெல்லோ கிடக்குது."

"அகழியிலை தண்ணியே இல்லை. அது எப்பவோ வத்திப்போச்சு. முதலாம் அத்தியாயத்திலை அவனே போட்டிருக்கிறான், எடுத்துப் பார்."

"அது கோட்டை வரலாறுதானே. அதெல்லாம் நான் வாசிக்கேல்லை." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பொய்யெண்டால் நீங்கள் ஏன் முதற்பிரதி வாங்கினனீங்கள்? சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்களே அண்ணா. படம் ஃபேஸ்புக்கிலை கிடக்குது."

வாசிக்காமல் வாங்கினேன் என்று சொன்னேன். முதற்பிரதியை யாரும் வாசித்துவிட்டு வாங்குவதில்லை என்று சொன்னேன். எனக்கே அது சாட்டுப்போலக் கேட்டது.

"சரி, விடுங்கோ. அந்த நேரம் உங்களுக்கு என்ன கஷ்டமோ," என்றாள். என்னை மன்னித்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "ஆரெண்டாலும் சின்னண்ணாவுக்குச் செய்தினம்தானே, அது காணும். அவரை ஒருநாள் இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ. என்ரை கையாலை அவருக்குச் சமைச்சுக் குடுக்கவேணும்."