ஜன்னலுக்குப் போகாத லுல்லா

இரண்டு குழாய்ச் சாயத்தைக் கிண்ணத்தில் பிதுக்கிக் கலக்கி, ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் தடவி, வாசல் வெளிச்சத்தில் பார்க்கிறாள் லுல்லா. அளவு பார்க்கும் வழக்கமே கிடையாது. "அளந்து கலக்கறதா இருந்தா மருந்துக் கடை வெச்சிருப்பேனே!" சைப்ரஸ் தீவின் தலைநகர் நிக்கோசியாவின் பழைய நகரில், எல்லைச் சோதனைச் சாவடிக்கு இரண்டு தெரு தள்ளி, நாற்பது வருடமாகப் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிறாள்.

சாவடியை அவள் 'ஜன்னல்' என்றுதான் சொல்வாள். வடக்கே துருக்கியர், தெற்கே கிரேக்கர் என்று போர் பிரித்த தீவில், வழி திறந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. கிரேக்கப் பெண்ணான அவள் பிறந்த எலுமிச்சைத் தோப்பு ஊர் லபித்தோஸ் வடக்கே, அந்தப் பக்கம், காரில் முக்கால் மணி நேரம். ஒருமுறைகூடப் போனதில்லை. "என் வீட்டுக்குப் போக எவன்கிட்ட நான் அடையாள அட்டையை நீட்டணும்?" ஆனால் வடக்கிலிருந்து யார் வந்தாலும், கழுத்தில் துண்டைச் சுற்றும்போதே கேட்டுவிடுவாள்: "லபித்தோஸ்ல மழை பெஞ்சுதா?" தெரியாது என்பவர்களுக்குக் காபியில் சர்க்கரை குறையும்.

ஷெரிஃபேவுக்கு எப்போதும் தெரிந்திருக்கும். தெற்கே பாஃபோஸ் பக்கம் பிறந்த துருக்கியப் பெண். போருக்குப் பிறகு வடக்கே போக வேண்டியதாயிற்று. ஊரில் கற்ற கிரேக்கத்தில் வசவுகள் ஒன்றுகூட மறக்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு வியாழன், அட்டையைக் காட்டிவிட்டுச் சாயம் போட வருவாள்.

"இத்தனை வருஷமா நீட்டறேனே, என் கை அழுகியா போச்சு? பாருடி."

"உனக்கு மானம் கெடையாது."

"உன் மானத்தை வெச்சு ஒரு எலுமிச்சம்பழம் பறிக்க முடியுமா? வாயை மூடிட்டுப் பூசு."

போன மாதம் ஷெரிஃபே குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வியாழனன்று லுல்லா சாயத்தைக் கலந்து, மூடி, ஷெரிஃபேயின் மகன் எர்டாலிடம் கொடுத்தனுப்பினாள். கலந்த சாயம் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. "ஓடு" என்றாள். அன்று பார்த்துச் சுற்றுலாக் கூட்டம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு சாவடியிலும் நீண்ட வரிசை.

சனிக்கிழமை காலை தொலைபேசியில் படம் வந்தது. ஷெரிஃபேயின் தலை, பாதி நரை, பாதி ஆரஞ்சு. பின்னாலேயே குரலும் வந்தது.

"பூசணிக்கா மாதிரி இருக்கேன்டி. சம்பந்தி வீட்டாளுங்க, கல்யாணத்துக்கு வந்தியா சர்க்கஸுக்கு வந்தியான்னு கேப்பாங்க."

லுல்லா படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வேற எவளும் என் தலையில கை வைக்க வேணாம். இப்படியே போய் உக்காந்துக்கறேன், விடு."

லுல்லா பிரிக்காத குழாய்களையும் கிண்ணத்தையும் பையில் போட்டாள். கடையைப் பூட்டினாள்.

இந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் அவளைக் கண்டு எழுந்தே விட்டார். "லுல்லாம்மா, வழி தவறிட்டீங்களா?"

"ஒருத்திக்குச் சாயம் போடப் போறேன். ஒதுங்குப்பா."

அடுத்த சாவடியில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கையை நீட்டினாள். லுல்லா திரும்பி நின்றாள். வந்த தெருவைப் பார்த்தபடியே, அட்டையை முதுகுக்குப் பின்னால் நீட்டினாள்.