ஞாயிற்றுக்கிழமை தள ஆய்வு

எங்கள் பக்கத்து டெண்டர்கள் இப்போது முழுக்க ஆன்லைன். யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், பெட்டியில் கவர் போட வருகிறவன் கையை முறுக்க வாசலில் ஆள் நிற்க மாட்டான், கணினிக்கு மாமன் மச்சான் கிடையாது என்றெல்லாம் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஐம்பது வயதில் இதையெல்லாம் நம்புவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

கணினிக்கு மச்சான் இல்லைதான். ஆனால் அதில் ஏற்ற வேண்டிய காகிதங்களில் ஒன்று தள ஆய்வுச் சான்று. வேலை நடக்கப்போகும் இடத்தை நான் நேரில் பார்த்தேன் என்று அலுவலகப் பொறியாளர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஆக, யார் யார் டெண்டர் போடப்போகிறார்கள் என்பது பொறியாளருக்குத் தெரியும்; பொறியாளருக்குத் தெரிந்தால் கட்சிப் பிரமுகருக்குத் தெரியும். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். வேட்டிக் கரை மட்டும்தான் மாறுகிறது.

இந்த முறை வேலை, செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு இண்டர்நெட் ஃபைபர் இழுப்பது. என் பிழைப்பே அதில் தொங்கியது. கேபிள் டிவி படுத்த பிறகு தொண்டூர்ப் பக்கம் நாலு கிராமத்துக்கு நான்தான் நெட் கொடுக்கிறேன். ஒப்பந்தம் யாருக்குப் போகிறதோ, என் ஒயர் தொங்கும் கம்பங்களும் அவர் கைக்குப் போகும். பிரமுகரின் மச்சான் எடுத்தால் முதல் நாளே என் ஒயரை வெட்டிக் கீழே போடுவார். மச்சானுக்கு இருந்த முன் அனுபவம் ஒரு கால்வாயைத் தூர் வாரியது. வாரினாரா என்பதை அந்தக் கால்வாயிடம்தான் கேட்க வேண்டும்.

சான்றுக்காகப் பதினோரு தடவை அலுவலகத்துக்கு நடந்தேன். "சாரு சைட்டுக்குப் போயிருக்காரு" என்பார் வாசலில் உட்கார்ந்திருப்பவர். உடனே நான் வல்லத்துக்கு ஓடுவேன். அங்கே இல்லையென்றால் அவலூர்பேட்டைக்கு. எந்த சைட்டிலும் சாரு இல்லை. பதற்றம் வந்தால் எனக்கு வாய்க்கு முன்னால் வயிறு பேசும்.

"நீ டெண்டர் போடப் போறியா, பேதி மாத்திரை வாங்கப் போறியா?" என்றாள் மனைவி.

கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு முகூர்த்த ஞாயிற்றுக்கிழமை, பொறியாளரைக் கல்யாண மண்டபத்தில் பிடித்தேன். பந்தியில் இருந்தார். பக்கத்து இலையில் பிரமுகர்.

"இன்னாண்ணே, மொகமெல்லாம் வேர்த்து ஊத்துது? சாப்டியா?" என்றார் பிரமுகர்.

"சாருகிட்ட ஒரு கையெழுத்து…"

"ஓ. நீயும் போடப் போறியா?" கையிலிருந்த வடையை இலையில் வைத்துவிட்டார்.

வண்டியில் வரும்போதே ஒரு வீர வசனம் தயாராக வைத்திருந்தேன். வடை கீழே இறங்கியதைப் பார்த்ததும் அது தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. வெளியே வந்தது வேறு: "சும்மா சப்போர்ட்டுக்குத்தான் தம்பி."

சப்போர்ட் என்றால், ஜெயிக்க வேண்டியவரைவிட அதிக விலை போட்டுத் தோற்றுக்கொடுப்பது. மூன்று பேர் மோதினார்கள் என்று காகிதம் காட்ட வேண்டுமே, அதற்காக. பிரமுகர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சார், எவ்ளோ பெரிய மனசு! அண்ணனுக்கும் போட்டுக் குடுங்க. மூணையும் ஒண்ணாவே முடிச்சிரலாம்."

பாயசம் வருவதற்குள், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் மூன்று படிவங்கள் விரிந்தன. ஒன்று எனக்கு, ஒன்று மச்சானுக்கு, இன்னொன்று மூன்றாவது போட்டியாளரான மச்சானுடைய லாரி டிரைவருக்கு. நான்தான் முதலில் எழுதினேன். 'ஆய்வு செய்த நாள்' என்ற இடத்தில் அன்றைய தேதியையே போட்டுவிட்டேன். பொய்த் தேதி யோசிக்கக்கூடத் தெம்பில்லை. மச்சான் என்னுடையதைப் பார்த்து எழுதினார், டிரைவர் மச்சானுடையதைப் பார்த்து எழுதினார். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் தேறியிருப்பார்கள். பொறியாளர் ஈரக் கையோடு மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். அவர் அன்று ஆய்வு செய்த ஒரே தளம் சாம்பார் வாளி.

கடைசி நாள் கணினி முன்னால் உட்கார்ந்தேன். எனக்குச் சொல்லப்பட்ட தோற்கும் விலை ஒரு சீட்டில், என் உண்மையான விலை இன்னொரு சீட்டில். எப்படித் துணிந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை; உண்மை விலையை அடித்துப் பொத்தானை அழுத்தினேன். அழுத்திய கையோடு போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

"அந்த அரிசி இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள் மனைவி.

யாருடைய விலையும் திறக்கப்படவேயில்லை. மேலே யாரோ காலண்டரைப் பார்த்துவிட்டார்கள். மூன்று ஆய்வும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாள். சான்று மூன்றும் செல்லாது, டெண்டர் ரத்து. அங்கே நேர்மை பொங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். மேலே இருந்தவருக்கும் ஒரு மச்சான் உண்டு. அவர் காலண்டர் அதற்காகத்தான் புரண்டது. பிறகு வேறு ஏதோ பெரிய வேலை கிடைத்ததும் அந்த மச்சான் எங்கள் கம்பங்களை மறந்துபோனார்.

என் வாழ்நாளின் ஒரே வீரச் செயல் யாருக்கும் தெரியாமல் கணினிக்குள்ளேயே முடிந்தது. பிரமுகர் கண்ணில் நான் இன்னும் விசுவாசி.

"உன் தேதியால போச்சுண்ணே. பரவால்ல வுடு, மறு டெண்டருக்கும் நீதான் சப்போர்ட்" என்றார்.

இந்தத் தடவை சான்று செவ்வாய்க்கிழமை, அலுவலகத்திலேயே, டீயோடு கிடைத்தது. வாங்கி வந்து மறுபடியும் உண்மை விலையைப் போட்டேன். விலை திறக்கும் நாளில் மறுபடியும் அரிசி டிரம். பதற்றத்தில் போனை அணைக்க மறந்துவிட்டேன்.

விலை திறந்ததும் டிரம் அலறியது. எல்லோரையும்விடக் குறைந்த விலை என்னுடையது. போனில் பிரமுகர்.

"அண்ணே, இன்னாண்ணே இது? மாத்திப் போட்டுட்டியா?"

"பதட்டத்துல போட்டுட்டேன் தம்பி. என்னப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே."

"தெரியும்ணே" என்று பெருமூச்சு விட்டார். நம்பிவிட்டார். செஞ்சி முழுக்கத் தெரிந்த நடுக்கம் என்னுடையது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

வேலை உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை; அதற்கும் சாரு கையெழுத்து வேண்டும். அதுவரை என் ஒயரை வெட்டவும் யாருக்கும் உத்தரவில்லை. நாலு கிராமத்திலும் நெட் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரமும் அலுவலகம் போனேன். சாரு சைட்டுக்குப் போயிருக்கிறாராம். வீட்டுக்கு வந்து காலண்டரில் அடுத்த முகூர்த்த நாளைப் பார்த்து வட்டம் போட்டேன். ஞாயிறாக இல்லாமல் பார்த்துத்தான்.