அம்மிக் குழவி பட்ட கார்

தாமரைச்செல்விக்கு அருவருப்பு வந்தால் வாய் பேசாது, மூக்கு மட்டும் சுருங்கும். ஒத்தக்கடையில் அவளுடைய ஷேர் ஆட்டோவில் ஏறியவர்கள் எல்லோருக்கும் அந்த மூக்கைத் தெரியும். வெற்றிலையை வண்டியோரம் துப்பினாலும் சுருங்கும், சட்டைப்பையில் சில்லறையை வைத்துக்கொண்டே இல்லையென்று புளுகினாலும் சுருங்கும். அந்த ஆட்டோவை ஓட்டி ஓட்டித்தான் போன மாதம் புதிதாக ஒரு வெள்ளைக் கார் எடுத்தாள். வண்டி அவள் பெயரில், இன்சூரன்ஸும் அவள் பெயரில். கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொள்ளலாம், இனி எவனிடமும் போய் நிற்க வேண்டாம் என்பது அவள் நினைப்பு. புருஷன் பேயாண்டி செய்த ஒரே உதவி, பாண்டி கோவில் வாசலில் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்ததுதான்.

சித்திரையில் ஒருநாள் சாயங்காலம் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. தெருவே சட்டியும் வாளியுமாக ஓடிவந்து கட்டிகளைப் பொறுக்கியது. பேயாண்டியும் வாய் நிறையப் போட்டு மென்றுகொண்டு நின்றான். வெட்டவெளியில் நிற்கிற காரின் மேல் ஒரு சாக்கைத் தூக்கிப் போட அந்த மகராசனுக்குத் தோன்றவில்லை. கடைக்குப் போன தாமரைச்செல்வி நனைந்துகொண்டே ஓடிவருவதற்குள் கூரையிலும் பானெட்டிலும் சொட்டை சொட்டையாகப் பள்ளம் விழுந்திருந்தது.

மறுநாள் காலையில் டிங்கரிங் பட்டறை சேக் மைதீன் வந்து தடவிப் பார்த்தார்.

"பெயிண்ட் உரியல தங்கச்சி. உள்ள இருந்து கம்பியக் குடுத்து நெம்பினாப் போதும், பழையபடி வந்துரும். இன்சூரன்ஸ் ஆளு வந்து பாக்குற வரைக்கும் யாரும் கை வைக்காதீக."

"சரி பாய்," என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

ஆட்டோவை அவள் இன்னும் விற்கவில்லை. அதில் மாட்டுத்தாவணிக்கு ஒரு சவாரி போய்த் திரும்பினால், வீட்டு வாசலில் தொம் தொம்மென்று சத்தம். பேயாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அம்மிக் குழவியால் காரின் கதவைக் குத்திக்கொண்டிருந்தான்.

"என்னய்யா பண்ற?"

"பதறாத புள்ள. லேசான சொட்டைன்னா இன்சூரன்ஸ்ல தட்டி மட்டும் குடுப்பாய்ங்களாம். நல்லா அடிபட்டிருந்தா எல்லாத்தையும் புதுசாவே மாத்திருவாய்ங்களாம். டீக்கடைல தங்கப்பாண்டி மாப்ள சொன்னாப்ல. சுத்தியல்ல அடிச்சாக் காட்டிக் குடுத்துரும். குழவின்னா பாரு, ஆலங்கட்டி மாதிரியே உருண்டையா விழுகுது."

அவன் முகத்தில் அப்படியொரு பெருமை. அவள் ஒரு வார்த்தை கேட்பதற்குள் இன்சூரன்ஸ் ஆள் பைக்கில் வந்து இறங்கினார். பேயாண்டி குழவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

வந்தவர் கூரையைப் படம் பிடித்தார், பானெட்டைப் பிடித்தார், கதவுக்கு வந்ததும் குத்தவைத்து உட்கார்ந்தார். சொட்டைக்குள் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். முந்தின நாள் அயிரை மீன் குழம்புக்கு அரைத்த மசாலா. குழவியைக் கழுவி வைக்கச் சொன்னதும் இதே பேயாண்டியிடம்தான். சீ என்றிருந்தது அவளுக்கு.

"ஆலங்கட்டி மேல இருந்து விழுகும், கதவுல எப்படிம்மா இம்புட்டு? பூண்டு வாசம் வேற அடிக்குது." அவர் பேயாண்டியைப் பார்க்கவே இல்லை. "வண்டி உங்க பேர்லதான இருக்கு? நீங்க சொல்லுங்க. இதுவும் மழையில பட்டதுன்னு எழுதவா?"

பேயாண்டி பின்னால் நின்று தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினான். ஆமாம் என்றால் அந்தப் பொய் அவள் பெயரில் ஏறும். இல்லை என்றால் கூரைக்குக் கிடைக்க வேண்டியதும் சேர்ந்து போகலாம். சில்லறைக்குப் புளுகுகிறவர்களையே சகிக்காதவள் கூரையை ஒருமுறை பார்த்தாள், கதவை ஒருமுறை பார்த்தாள்.

"கூரையும் பானெட்டும் மழை சார். கதவு எங்க வீட்டு அம்மிக் குழவி. இந்தா நிக்கிறாரே, இவருதான் அடிச்சது."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மழையில பட்டதுக்கு மட்டும் எழுதுறேன். கதவு உங்க பாடு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"பொழைக்கத் தெரியாத பொம்பளடி நீ," என்றான் பேயாண்டி. அவள் மூக்கு சுருங்கியது, அவ்வளவுதான்.

சேக் மைதீன் பட்டறையில் கூரையும் பானெட்டும் பழையபடி ஆகிவிட்டன. கதவுக்கு வந்தபோதுதான், பேயாண்டியும் பக்கத்தில் நிற்க, அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல பெயிண்ட் வெடிச்சிருச்சு தங்கச்சி. பட்டி போட்டு மறுக்க பெயிண்ட் அடிக்கணும்."

"துருப்பிடிக்காம எதையாச்சும் பூசி மட்டும் விடுங்க பாய். வானம் போட்டத எடுத்தாச்சுல்ல. இவரு போட்டது அப்படியே இருக்கட்டும்."

"புது வண்டிம்மா."

"தெனமும் காலைல தொடைக்கப்போறது இவருதான பாய்."

கார் ஓடத் தொடங்கிய முதல் நாள், பேயாண்டி ஈரத்துணியோடு கதவருகே நின்றிருந்தான். ஏற வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி குனிந்து பார்த்தாள்.

"என்னண்ணே, புதுக் காருல இப்படி அடி வாங்கியிருக்கு?"

"அது வந்து, ஆலங்கட்டி…" என்று ஆரம்பித்தான்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தாமரைச்செல்வி திரும்பிப் பார்த்தாள். மூக்கு சுருங்கியிருந்தது.

"நாந்தாம்மா அடிச்சேன்," என்றான் பேயாண்டி.