வாய்ப்பாட்டுச் சீட்டு

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. என் இரண்டு பெண்களுக்கும் வீட்டில் நான்தான் டீச்சர். பழைய காலண்டர் அட்டையில் நேரத்துக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்டு, பாடம், சமையல், தண்ணீர் பிடிப்பது என்று ஒவ்வொன்றையும் தனித்தனிச் சீட்டில் எழுதி குண்டூசியால் குத்தி வைத்தேன். அன்றன்றைய நிலவரத்துக்குத் தகுந்த மாதிரி சீட்டுகளை மாற்றிக்கொள்ளலாம்.

அடிக்கடி இடம் மாறியது வாய்ப்பாட்டுச் சீட்டுதான். சாலையை மறிப்பதற்குப் புளியமரங்களை வெட்டும் சத்தம் கேட்டால் போதும், அதைப் பிடுங்கி அந்த நேரத்துக் கட்டத்தில் குத்திவிடுவேன். "இன்னும் சத்தமா சொல்லுங்கடி!" என்று அதட்டுவேன். கோடாலிச் சத்தம் பிள்ளைகள் காதில் விழக்கூடாது. அவர்களுக்கு எதுவும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், பஸ் கண்டக்டரான என் கணவர் பொழுது சாய்ந்தும் வீடு திரும்பவில்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு பஸ்ஸைக் கொளுத்திவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். தெருவில் ஈ, காக்கை இல்லை. சோறு அடிப்பிடித்த வாடை வந்தது. நான் வாசலை விட்டு நகரவில்லை.

சின்னவள் முக்காலியைப் போட்டு ஏறி, வாய்ப்பாட்டுச் சீட்டை எடுத்துச் சாயங்காலக் கட்டத்தில் குத்தினாள்.

"இப்ப இன்னாத்துக்குடி அது?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீ பயந்துக்கினு இருக்கியேம்மா," என்றாள். "நாங்க சத்தமா சொல்றோம்."